பச்சை டிக் விழுந்தது, மெயில் ஸ்பேமில் விழுந்தது

இந்த வருடம் ஜனவரியில் புதுக் காப்பி வறுத்து அரைத்த கையோடு, எங்களிடம் வாங்குகிற 1,140 பேருக்கும் ஒரு மெயில் அனுப்பினேன். வந்த ஆர்டர் 9. அதிலும் நாலு பேர் சொந்தக்காரர்கள். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. குடோன் சுவரில் கரித்துண்டால் 9 என்று எழுதிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அவருக்கு நோட்டுப் புத்தகமெல்லாம் கிடையாது. உரம் இறங்கிய தேதி, பழம் பறிக்க வந்தவர்கள் கூலி, மூட்டைக் கணக்கு எல்லாமே அந்தச் சுவரில்தான்.

நாங்கள் இருப்பது தாண்டிக்குடிப் பக்கம். பழனி மலை என்றாலே கொடைக்கானல் ஏரியும் சாக்லேட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்தக் கீழ்மலைக்கு வருவதில்லை, வந்தாலும் பண்ணைக்காடு வழியாக மேலே ஏறிப் போய்விடுவார்கள். இங்கே சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரத்தைச் சுற்றி மிளகு, இடையிடையே மலைவாழை, ஆரஞ்சு. காப்பியை வழக்கமாகப் பட்டிவீரன்பட்டி வியாபாரிகளிடம் போட்டுவிடுவோம். ஆறு வருடம் முன்னால், விலை படுத்துக் கிடந்த ஒரு சீசனில், கொஞ்சத்தையாவது நாமே வறுத்து நேராக வீடுகளுக்கு விற்போம் என்று பெரியப்பா ஆரம்பித்தார். வாங்கியவர்களின் மெயில் முகவரியை நான்தான் ஒரு ஷீட்டில் சேர்த்துக்கொண்டே வந்தேன். சென்னையில் எட்டு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். அதனால் வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மெயில் போன பத்தாவது நாள் திருச்சியிலிருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர் போன் பண்ணினார். முதல் வருடத்திலிருந்தே வாங்குகிறவர், மாசம் ஒரு கிலோ, சிக்கரி கலக்காதது.

"என்னம்மா, இந்த வருஷம் காப்பி இல்லையா? ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே?"

"மெயில் போட்டேனே டீச்சர்."

"வரலையேம்மா."

ஸ்பேம் என்று ஒரு பெட்டி இருக்கும், திறந்து பாருங்கள் என்றேன். பேரனைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார், அப்புறம் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "இருக்கும்மா. லாட்டரிக்காரனுக்கும் லோன்காரனுக்கும் நடுவுல உக்காந்திருக்கு."

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் பட்ட பாடுதான் இந்தப் பதிவு. சொந்த டொமைனை (கடைக்கென்று இணையத்தில் வாங்கிய பெயர்) மெயில் அனுப்பும் சேவையில் சேர்த்து வெரிஃபை பண்ணுவது எப்படி என்று இங்கிலீஷில் எக்கச்சக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள், எல்லாம் மூன்று ரெக்கார்டைப் (டொமைனைப் பற்றிய குறிப்பு வரி) போடு, பட்டனை அழுத்து, முடிந்தது என்கிற ரகம். எனக்கு முடியவில்லை. ரெக்கார்டுகளின் பெயரையெல்லாம் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், நீங்கள் பேனலில் (டொமைனை நிர்வகிக்கிற பக்கம்) போடும்போது சேவை கொடுத்ததை அப்படியே காப்பி பண்ணி ஒட்டுங்கள். இந்தக் காப்பி வேறு.

முதல் தப்பு, அனுப்புநர் முகவரியாக எங்கள் கடையின் ஜிமெயில் முகவரியைப் போட்டது. மெயிலோ கூகுளின் சர்வரிலிருந்து போகவில்லை, மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் ஒரு சேவையின் சர்வரிலிருந்து போனது. அதாவது ஜிமெயில் என்று பெயர் சொல்லிக்கொண்டு வேறு எங்கிருந்தோ ஒருத்தர் வந்து கதவைத் தட்டுகிறார். மெயில் போய்வருவதற்காக 1982-இல் எழுதிய எஸ்.எம்.டி.பி விதிகளில் இதற்குத் தடையே இல்லை. இன்லாண்டு லெட்டரில் அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதித் தபால் பெட்டியில் போடலாம் அல்லவா, அந்தக் கதைதான். பின்னால் வந்த பூட்டுகள் எல்லாம் இந்த ஓட்டையை அடைக்க வந்தவை. 2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் அறிவித்து, 2024 பிப்ரவரியிலிருந்து கறாராக்கிவிட்டார்கள்: ஒரு நாளைக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மெயில் அளவில் அனுப்புகிறவருக்கு எஸ்.பி.எஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பூட்டும் (என்னவென்று கீழே சொல்கிறேன்) வேண்டும், அதற்குக் கீழே அனுப்புகிறவருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கும் 2025 மே மாதம் அதே 5,000 கணக்கோடு சேர்ந்துகொண்டது. ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வெளியிலிருந்து அனுப்பாதீர்கள், ஒதுக்கிவிடுவோம் என்றும் கூகுளின் விதிகளில் தெளிவாக இருந்தது. நான்தான் படிக்கவில்லை. 1,140 மெயிலுக்கு இதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

சரி, சொந்த டொமைன். அது ஏற்கெனவே எங்களிடம் இருந்தது, வெப்சைட்டுக்காகச் சித்தப்பா மகன் வாங்கிக் கொடுத்தது. இங்கே அதைத் தோட்டம்.இன் என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயரைப் போட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். தம்பி இப்போது துபாயில். டொமைன் வாங்கிய கணக்கின் ஓ.டி.பி அவனுடைய பழைய சிம்முக்குப் போகிறது, அந்த சிம் செத்து இரண்டு வருடமாகிறது. அடையாள அட்டை, பில், கடிதம் என்று ஒவ்வொன்றாக அனுப்பி உள்ளே நுழைய நாலு நாள் ஆனது. நுழைந்து பார்த்தால் பிப்ரவரி 11-ஆம் தேதியோடு டொமைன் காலாவதி. இன்னும் மூன்றே வாரம். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல் எல்லாம் தம்பி திறந்தே பார்க்காத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் கடைக்கு ஒரு டொமைன் இருக்கிறது என்றால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, அது யார் பெயரில், எந்த மெயிலில், எந்தப் போன் நம்பரில் இருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள்.

பெரியப்பா நடுவில் ஒரு கேள்வி கேட்டார். "ஏந்தாயி, பேரைத் தமிழ்லயே வச்சா என்ன?" வைக்கலாம். .இந்தியா என்று தமிழிலேயே முடிகிற டொமைன் உண்டு; .சிங்கப்பூர், .இலங்கை கூட உண்டு. டி.என்.எஸ்ஸுக்குள் (டொமைன்களின் ரெக்கார்டுகளை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கிற, இணையத்தின் முகவரிப் புத்தகம்) அது ஆங்கில எழுத்துச் சரமாக மாறி நடந்துகொள்ளும். ஆனால் மெயில் முகவரியில் அட் குறிக்கு முன்னாலும் தமிழ் வேண்டுமென்றால், அனுப்புகிற சர்வர், வாங்குகிற சர்வர் இரண்டுக்கும் அது புரிய வேண்டும். காப்பி விற்க வந்த இடத்தில் அந்தப் பரிசோதனைக்கு எனக்குத் தெம்பில்லை.

எஸ்.பி.எஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் அவருக்கு மூட்டைக் கணக்கில்தான் சொன்னேன். எங்கள் மூட்டை ஜீப்பில் மலையிறங்கிப் பட்டிவீரன்பட்டிக்குப் போகும். எஸ்.பி.எஃப் என்பது, என் மூட்டையை இந்த இரண்டு ஜீப்காரர்தான் கொண்டுவருவார்கள் என்று வியாபாரியிடம் முன்கூட்டியே கொடுத்துவைத்த பட்டியல். டிகிம் என்பது மூட்டையின் வாயைத் தைத்து அடித்த ஈயச் சீல். ஜீப் மாறினாலும் பரவாயில்லை, சீல் உடையாமல் இருந்தால் சரக்கு எங்களுடையது, நடுவில் யாரும் கைவைக்கவில்லை. டிமார்க் என்பது, இந்த இரண்டும் சரியில்லாத மூட்டை எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் என்ன பண்ணலாம் என்று நாமே எழுதிக் கொடுக்கிற சீட்டு. எனக்குத் தகவல் மட்டும் சொல், அல்லது ஓரமாக ஒதுக்கி வை, அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பு. மூன்றையும் எழுதிவைக்கிற இடம் டி.என்.எஸ்.

"அப்ப சீல் அச்சு யார்ட்ட இருக்கு?" என்றார்.

இதை எத்தனை பேர் கேட்பார்கள் என்று தெரியவில்லை, அவர் கேட்டார். அச்சு மெயில் அனுப்பும் சேவையிடம் இருக்கிறது, ரகசியச் சாவி. அடித்த சீல் உண்மையா என்று ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி மட்டும் எங்கள் டொமைனில், எல்லாரும் பார்க்கிறபடி தொங்கும். சாவி சின்னதாக இருந்தால் கள்ள அச்சு செய்துவிடலாம் என்பதற்கு ஒரு கதையே இருக்கிறது. ஜக்கரி ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணிதக்காரருக்கு வேலைக்குக் கூப்பிட்டுக் கூகுளிலிருந்து ஒரு மெயில் வந்தது. நிஜமா என்று சந்தேகப்பட்டு டிகிம் சாவியைப் பார்த்தார், வெறும் 512 பிட். சரி, இது நமக்கு வைத்த பரீட்சை போல என்று நினைத்துக்கொண்டு, வாடகைக் கணினியில் அந்தச் சாவியை உடைத்து, கூகுளின் நிறுவனர்களில் ஒருவர் இன்னொருவருக்கு எழுதுவது போல ஒரு மெயில் அனுப்பிவிட்டார். பரீட்சை எதுவும் இல்லை, உண்மையான ஓட்டைதான். அவருக்குப் பதில் வரவில்லை, ஆனால் இரண்டு நாளில் கூகுளின் சாவி 2,048 பிட்டாக மாறிவிட்டது. 2012-இல் வெளியே வந்த சேதி இது. உங்கள் சேவை 1,024-ஆ 2,048-ஆ என்று கேட்டால் பேசாமல் பெரியதையே எடுங்கள். பெரிய சாவியை டெக்ஸ்ட் ரெக்கார்டாகக் கொடுத்தால் ஒரு சின்னத் தொல்லை உண்டு, ஒரு துண்டில் 255 எழுத்துக்கு மேல் கொள்ளாது, அதனால் துண்டு துண்டாக மேற்கோள் குறிக்குள் போட வேண்டியிருக்கும். சில பேனல் தானே வெட்டிக்கொள்ளும், சில பேனல் வாலை மட்டும் விழுங்கிவிடும். எங்கள் சேவை சிநேம் கொடுத்தது, தப்பித்தோம். சிநேம் என்றால் நம் டொமைனிலிருந்து அவர்களுடைய ரெக்கார்டைக் கைகாட்டுவது. அவர்கள் நாளைக்குச் சாவியை மாற்றினாலும் நாம் எதையும் தொட வேண்டாம்.

இனி நடந்த கூத்து. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு, காப்பி காயப்போடும் களத்தில் மூன்று கோடு. ஆகவே வேலை முழுவதும் களத்து ஓரத்தில், லேப்டாப் மேலே ஈரத்துண்டும் வெயிலுக்குக் குடையும் பிடித்துக்கொண்டு. சேவை கொடுத்தது டிகிமுக்கு இரண்டு சிநேம், டொமைன் நம்முடையதுதான் என்று காட்ட ஒரு டெக்ஸ்ட். டொமைன் வாங்கிய இடத்துப் பேனலில் மூன்றையும் போட்டேன், சேமித்தேன், வெரிஃபை பட்டனை அழுத்தினேன். ரெக்கார்டு கிடைக்கவில்லை என்றது. மாற்றங்கள் பரவ 48 மணி நேரம் வரை ஆகலாம் என்று கீழே ஒரு வரி. நான் நல்ல பிள்ளையாக 48 மணி நேரமும் காத்திருந்தேன்.

அந்த வரியை நம்பி உட்கார்ந்திருந்ததுதான் இந்தக் கதையிலேயே பெரிய மடத்தனம். டொமைன் வாங்கிய இடம் ஒன்று, டி.என்.எஸ் நடக்கிற இடம் வேறொன்று. வெப்சைட் போட்டபோது தம்பி நேம்சர்வரை, அதாவது டொமைனின் ரெக்கார்டு என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிற சர்வரை, வெப்சைட்டை வைத்திருக்கிற ஹோஸ்டிங் பக்கம் திருப்பிவிட்டிருந்தான். அதற்கப்புறமும் வாங்கிய இடத்துப் பேனல் ரெக்கார்டு போடுகிற பெட்டியைக் காட்டும், போட்டால் சேமித்தும் கொள்ளும், இங்கே யாரும் வந்து கேட்பதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாது. மூடிப்போன ரேஷன் கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு, ஊர்க்காரர்கள் ஏன் வரவில்லை என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்திருக்கிறேன். டெர்மினலில் டிக் (டி-ஐ-ஜி, பச்சை டிக் இல்லை) என்று அடித்து, என்.எஸ் என்று கேட்டு, டொமைன் பெயரைக் கொடுத்தால் எந்த நேம்சர்வர் என்று அரை நொடியில் சொல்லிவிடும். விண்டோஸில் என்எஸ்லுக்அப். எதையும் போடுவதற்கு முன்னால் இதை ஒருதரம் பார்த்திருந்தால் போதும்.

சரியான பேனலுக்குப் போனேன். ஹோஸ்ட் பெட்டியில், சேவை கொடுத்த முழுப் பெயரையும் ஒட்டினேன்: எஸ்1._டொமைன்கீ.தோட்டம்.இன். இந்தப் பேனலோ, நாம் எழுதுவதற்குப் பின்னால் டொமைனைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும் ரகம். ஆக வெளியே போனது எஸ்1._டொமைன்கீ.தோட்டம்.இன்.தோட்டம்.இன். பேனல் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க, ஏற்கெனவே இருக்கிற மூன்று டபிள்யூ ரெக்கார்டைப் பாருங்கள். அது மூன்று டபிள்யூவோடு மட்டும் நின்றிருந்தால் நீங்களும் முன்பாதியை மட்டும் எழுதினால் போதும். இன்னொன்று, சில பேனல்களில் சிநேமுக்குப் பக்கத்திலேயே ப்ராக்ஸி என்று ஒரு சுவிட்ச் இருக்கும், டிகிம் சிநேமுக்கு அது அணைந்திருக்க வேண்டும்.

திருத்திவிட்டு உடனே பட்டனை அழுத்தினேன். இல்லை என்றது. மறுபடி அழுத்தினேன். இல்லை. லிஃப்ட் வரவில்லை என்று பட்டனைக் குத்திக்கொண்டே இருப்போமே, அந்த மாதிரி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, எனக்கு அப்போது தெரியாது: கேட்ட ரெக்கார்டு இல்லை என்ற பதிலையும் டி.என்.எஸ் சர்வர்கள் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும், 1998-இலேயே அதற்கு விதி எழுதிவிட்டார்கள். எவ்வளவு நேரம் என்பதை டொமைனின் எஸ்.ஓ.ஏ ரெக்கார்டு சொல்லும், பல இடத்தில் ஒரு மணி நேரம். ரெக்கார்டு போடுவதற்கு முன்னாலேயே அவசரப்பட்டுக் கேட்டுவிட்டால், போட்ட பிறகும் பழைய "இல்லை"யே திரும்பி வரும். அதனால் பட்டன் பக்கமே போகாமல் முதலில் நம்முடைய நேம்சர்வரையே நேராகக் கேட்க வேண்டும். டிக் கட்டளையில் அட் குறி போட்டு நேம்சர்வர் பெயரைக் கொடுத்தால் நடுவில் யாருடைய ஞாபகமும் குறுக்கே வராது. அங்கே சரியாகத் தெரிந்தால், ஒரு டீ குடித்துவிட்டு வந்து பட்டனை அழுத்தலாம்.

அன்று சாயங்காலம் பனி இறங்குவதற்குள் பெரியப்பா பார்ச்மென்டைக் (பழத்தோல் நீக்கி, உள்தோலோடு காயப்போட்ட காப்பிக் கொட்டை) கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் மூடிக்கொண்டிருந்தார். எத்தனை நாள் காய வேண்டும் என்று கணக்கு எதுவும் உண்டா பெரியப்பா என்று கேட்டேன், என் ஞாபகமெல்லாம் அந்த 48 மணி நேரத்தில். "நாள் கணக்கா? மேகம் வந்தா என்ன பண்ணுவ?" என்று ஒரு கொட்டையை எடுத்தார், நகத்தால் மேல்தோலை உரித்தார், கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தார். கொஞ்சம் பல் பதிந்தது. துப்பிவிட்டு, "நாளைக்கும் ஒரு வெயில் வேணும்" என்றார்.

நான் மறுபடி லேப்டாப்பைத் திறந்தேன். பச்சை டிக் விழுந்திருந்தது, மூன்றுக்கும். உங்கள் டொமைன் சரிபார்க்கப்பட்டது, வாழ்த்துகள், காகிதப் பூ பறக்கிற மாதிரி ஒரு படம் வேறு. அந்தச் சந்தோஷத்தில் டீச்சருக்கே முதல் மெயில் போட்டேன்.

அதுவும் ஸ்பேமுக்குப் போனது.

இந்த முறை நானும் கடித்துப் பார்த்தேன். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மெயிலின் வலது மேல் மூலையில் இருக்கிற மூன்று புள்ளியை அழுத்தினால் ஷோ ஒரிஜினல் என்று ஒன்று வரும். அதற்குள் போனால் தலையிலேயே சின்னதாக ஒரு அட்டவணை. எனக்கே அனுப்பிக்கொண்ட பிரதியில் அது இப்படி இருந்தது: எஸ்.பி.எஃப் பாஸ். டிகிம் பாஸ். டிமார்க் ஃபெயில். இரண்டு பாடத்தில் பாஸான பிள்ளை மொத்தத்தில் எப்படி ஃபெயில் என்று நான் குழம்பியதற்குக் காரணம், பாஸ் யாருடைய பெயரில் என்பதைப் பார்க்காததுதான். டிகிமுக்குப் பக்கத்தில் இருந்த டொமைன் எங்களுடையது இல்லை, சேவையுடையது. எஸ்.பி.எஃப்பும் அப்படியே. படிப்பவர் கண்ணில் படுகிற அனுப்புநர் முகவரி வேறு, மெயில் திரும்பி வந்தால் போய்ச்சேர வேண்டிய ரிட்டர்ன்-பாத் முகவரி வேறு, எஸ்.பி.எஃப் பார்ப்பது இரண்டாவதை. டிமார்க் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: பாஸான டொமைனும், படிப்பவர் கண்ணில் படுகிற டொமைனும் ஒரே குடும்பமா? இரண்டில் ஒன்று பொருந்தினாலும் போதும். எங்களுக்கு இரண்டும் பொருந்தவில்லை. ஏன் என்றால், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, டொமைனை வெரிஃபை பண்ணின நான் மெயில் டெம்ப்ளேட்டில் அனுப்புநர் முகவரியை மாற்றவே இல்லை. அங்கே அதே பழைய ஜிமெயில்தான் உட்கார்ந்திருந்தது. பச்சை டிக் டொமைனுக்கு விழுந்தது, நான் அனுப்பிய மெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எட்டு வருடம் டெஸ்டிங் வேலை பார்த்தவள் என்று மேலே எழுதியதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

முகவரியை மாற்றி மறுபடி எனக்கே அனுப்பினேன். டிகிம் பாஸ், பக்கத்தில் தோட்டம்.இன். கண்ணில் படுகிற அனுப்புநரும் அதே தோட்டம்.இன். இதோடு நிறுத்தியிருக்கலாம். எஸ்.பி.எஃப்பிலும் நம் பெயர் வரட்டுமே என்று ஆசைப்பட்டு, ஏதோ ஒரு பக்கத்தில் படித்ததை நம்பி, சேவையின் பெயரை இன்க்ளூட் பண்ணி ஒரு புது எஸ்.பி.எஃப் ரெக்கார்டு போட்டேன். மறுநாள், தோட்டம்.இன் பெயரிலேயே இருக்கிற பெரியப்பாவின் மெயில் பெட்டியிலிருந்து பட்டிவீரன்பட்டிக்குப் போன பில் ஸ்பேமில் கிடந்தது, வியாபாரி போன் பண்ணிக் கேட்கிறார். மெயில் பெட்டிக்காக ஏற்கெனவே ஒரு எஸ்.பி.எஃப் ரெக்கார்டு அங்கே இருந்திருக்கிறது. ஒரு டொமைனுக்கு எஸ்.பி.எஃப் ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டில் நல்லதைப் பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள், பெர்ம்எரர் என்று சொல்லி இரண்டையுமே தள்ளிவிடுவார்கள். நல்லா ஓடிக்கொண்டிருந்ததையும் கெடுத்தது மிச்சம். இன்க்ளூட்களை ஒரே வரிக்குள் சேர்த்து எழுத வேண்டும், அதிலும் மொத்தம் 10 தேடலுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு, ஒவ்வொரு இன்க்ளூடுக்குள்ளும் ஒளிந்திருக்கிற இன்க்ளூட்களும் அதில் கணக்கு. என் விஷயத்தில் அந்த இன்க்ளூடே வீண். ரிட்டர்ன்-பாத் சேவையின் டொமைனில் இருக்கும்வரை எங்கள் எஸ்.பி.எஃப்பை யாரும் திறந்தே பார்க்கப் போவதில்லை. அதை நம் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் பவுன்ஸுக்கென்று (போய்ச்சேராமல் திரும்புகிற மெயில்) ஒரு துணை டொமைனை சிநேம் பண்ண வேண்டும், அந்த வசதி எங்கள் திட்டத்தில் இல்லை, டிகிம் பொருந்துவதால் தேவையும் இல்லை. புது ரெக்கார்டை அழித்தேன், பில் ஒழுங்காகப் போனது.

டிமார்க்கைக் கடைசியாகப் போட்டேன், பி=நன் என்று. தகவல் மட்டும் சொல் என்கிற வகை. ரிப்போர்ட் வரவேண்டிய முகவரியையும் அதிலேயே கொடுக்கலாம். நேராக ரிஜெக்ட், அதாவது வாசலிலேயே திருப்பி அனுப்பு என்று போட்டால் கெத்தாகத்தான் இருக்கும், ஆனால் 2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்கு ஒரே அடியாக ரிஜெக்ட் போட்டபோது, யாஹூ முகவரி வைத்திருந்தவர்கள் மடல் குழுக்களில் எழுதியதெல்லாம் மற்றவர்களுக்குப் போகாமல் திரும்பி ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. ரிப்போர்ட் ஜிப் ஃபைலாக வரும், உள்ளே எக்ஸ்.எம்.எல், மனுஷன் படிக்கிற மாதிரி இருக்காது, ஐ.பி முகவரியையும் (அனுப்பிய சர்வரின் எண்) பாஸ் ஃபெயிலையும் மட்டும் தேடிப் பார்த்தால் போதும். முதல் வாரத்திலேயே ஒரு தெரியாத ஐ.பி, தினமும் நாலைந்து மெயில், எல்லாம் ஃபெயில். யாரோ எங்கள் பெயரில் ஏமாற்றுகிறார்கள் என்று பதறிப்போய்த் தேடினால், அது எங்கள் வெப்சைட்டேதான்! ஆர்டர் வந்ததும் "நன்றி, உங்கள் ஆர்டர் கிடைத்தது" என்று தானாக ஒரு மெயில் போகும், அது ஹோஸ்டிங் சர்வரிலிருந்து சீலும் இல்லாமல் பட்டியலிலும் இல்லாமல் மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆர்டர் போட்ட அப்புறம் ஒரு தகவலும் வரவில்லையே என்று சிலர் போனில் கேட்பார்கள், நாங்களும் நெட் சரியில்லை போல என்று சொல்லிவந்தோம். அதையும் மெயில் பெட்டி வழியாகவே அனுப்பும்படி மாற்றினேன். ரிஜெக்ட் போட்டிருந்தால் அந்த நன்றிக் கடிதம் ஸ்பேமுக்குக்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது.

அப்புறம் பட்டியல். இது டி.என்.எஸ்ஸை விடக் கஷ்டம், மனசு வராது. ஆறு வருடமாகச் சேர்த்த 1,140-இல் பவுன்ஸ் ஆனவை, இரண்டு வருடமாக எதையும் திறக்காதவை, ஒரே ஆள் மூன்று முகவரியில் இருப்பது எல்லாம் எடுத்ததும் 870 மிஞ்சியது. ஸ்பேம் என்று புகார் கொடுப்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பது கூகுளின் விதி, 0.1-க்குக் கீழே இருந்தால் நல்லது. எங்கள் அளவில் அது மூன்று பேர் கோபித்துக்கொண்டாலே தாண்டிவிடும். ஆகவே வேண்டாம் என்பவருக்கு ஒரே அழுத்தலில் விலகும் வழி மெயிலின் தலையிலேயே இருக்கிறது. நோ-ரிப்ளை முகவரி மட்டும் வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். காப்பி வாங்குகிறவர் பதில் எழுதினால் வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

மொத்தமாக அனுப்பும் மெயிலுக்கு லெட்டர்.தோட்டம்.இன் என்று ஒரு துணை டொமைன் ஒதுக்கினேன். நாளைக்கு மொத்த மெயிலில் ஏதாவது பெயர் கெட்டாலும் பெரியப்பாவின் பில் போகிற முகவரிக்கு அடி கொஞ்சம் குறைவாகப் படும். துணை டொமைனுக்கு மேலே சொன்ன சிநேம் சடங்கு எல்லாம் மறுபடி ஒருதரம், இந்த முறை இருபது நிமிடம். புது டொமைனிலிருந்து 870-ஐயும் ஒரே நாளில் தள்ளாமல், முதல் நாள் அடிக்கடி வாங்கும் 50 பேர், இரண்டு நாள் விட்டு 150, அப்புறம் மீதியை இரண்டு தவணையாக. ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் மூன்றிலும் எனக்கென்று ஒரு முகவரி வைத்து, ஒவ்வொரு தவணையிலும் அதையும் சேர்த்து அனுப்பி, வந்து இறங்கியதைத் திறந்து அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. மார்ச் முதல் வாரம் முடிந்தது. ஆர்டர் 61. டீச்சரிடமிருந்து பதில் மெயிலே வந்தது, முதல் முறையாக: "நேராக வந்தது. இரண்டு கிலோ."

மார்ச் கடைசியில் பூ மழை (காப்பியைப் பூக்க வைக்கிற மழை) பெய்து தோட்டம் முழுக்க மல்லிகை வாசத்தோடு வெள்ளையாக இருந்த வாரத்தில், ரிப்போர்ட்டில் தெரியாத ஐ.பி எதுவும் இல்லாததால் டிமார்க்கை குவாரன்டைனுக்கு, அதாவது ஓரமாக ஒதுக்கி வை என்பதற்கு மாற்றினேன். ரிஜெக்ட் போடுவது தீபாவளி ஆர்டர் எல்லாம் முடிந்த அப்புறம்.

டொமைனை அப்போதே ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன், என் பெயரில், என் நம்பரில், கூடவே பெரியப்பாவின் மெயிலையும் சேர்த்து. அவரிடம் சொன்னதும் எழுந்து குடோனுக்குப் போனார். போய்ப் பார்த்தால், பழைய 9-க்குப் பக்கத்தில் 61, அதற்குக் கீழே கரியால், எழுத்து கொஞ்சம் பெரிதாக: "டொமைன் – 11.2.2031". பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறபோது அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்.